அவரை அனுப்பும் முன் நீங்கள் போய் வாருங்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். நான் ஒரு நிறுவனத்தின் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மேலாளர். என் பொறுப்பில் 18 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் 9 ஆண்டுகளாக இருப்பவர், வேலையில் கெட்டிக்காரர். நான்கு மாதங்களுக்கு முன் அவர் எதிர்பார்த்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கையில் இருப்பதை ஓங்கி வைக்கிறார். அந்த முடிவைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறார். "எனக்கு இழக்க இனி ஒன்றும் இல்லை, ஒருநாள் எல்லாருக்கும் புரியும்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டிலும் பிரச்சினை என்று காதில் விழுந்தது. அவரோடு ஒரே ஷிப்டில் இருக்கும் இருவர் காரணம் சொல்லாமல் ஷிப்ட் மாற்றம் கேட்கிறார்கள். மனிதவளப் பிரிவிடம் சொன்னேன். எழுத்துமூலம் புகார் வந்தால்தான் எதுவும் செய்ய முடியும் என்கிறார்கள். என் மேலதிகாரியோ வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்கிறார். எங்கள் நிறுவனத்தில் கவுன்சலிங் வசதி இருக்கிறது. அவரைக் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பலாமா? எப்படிச் சொல்வது? போனால், என்ன பேசினார் என்று எனக்குச் சொல்வார்களா? ஒருமுறை கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் குரலை உயர்த்திவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரவில் சரியாகத் தூங்குவதில்லை. போன வாரம் இரண்டு நாள் நான் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவர் என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

பதில்:

அன்புள்ள மேலாளருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். பணியிட ஆலோசகராகப் பல ஆண்டுகள் மேலாளர்களோடு உட்கார்ந்து பேசியதில் நான் கண்டது, மனத்தை அதிகம் கலக்கிய செய்தியை அவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் சொல்வார்கள், அதையும் போகிற போக்கில் சொல்வதுபோலச் சொல்வார்கள் என்பதே. அவர் இரண்டு நாள் உங்கள் காருக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றார் என்ற செய்தியை மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வைக்க வேண்டும். அவர் உங்களிடம் ஏதோ பேச நினைத்து, வாய் வராமல் நின்றிருக்கலாம். வேறு யாருக்காகவோ காத்திருந்திருக்கலாம். ஆனால் பொதுவாக எல்லார்மீதும் இருந்த மனக்கசப்பு இப்போது ஒரு குறிப்பிட்ட மனிதரிடம் வந்து நிற்கிறது என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். இவற்றில் எது உண்மை என்பதை நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. அதற்கான பயிற்சி உங்களுக்குத் தரப்படவில்லை, பயத்தில் இருக்கும் ஒருவரால் நிதானமாக எடை போடவும் முடியாது.

ஆகவே இதைப் படிக்கிற நாளிலேயே மூன்று பேருக்கு இதைத் தெரியப்படுத்துங்கள்: உங்கள் மேலதிகாரி, பாதுகாப்புப் பொறுப்பாளர், நிறுவனத்தின் ஆலோசகர். வாய்மொழியாகச் சொன்ன பின், தேதியும் நேரமும் குறிப்பிட்டு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். நிலைமை தெளிவாகும்வரை வேலை முடிந்து தனியாக வெளியே போகாதீர்கள். வண்டியை வெளிச்சமும் கேமராவும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். அவர் ஆயுதத்தைப் பற்றிப் பேசினாலோ, இன்னாரை இன்ன நாளில் என்று குறிப்பிட்டு மிரட்டினாலோ, யாரையாவது பின்தொடர்ந்தாலோ, அது ஆலோசகரின் வேலை அல்ல. உடனே காவல்துறையை அழைக்க வேண்டும். இவ்வளவும் அவரைக் குற்றவாளியாக்கும் ஏற்பாடு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். நீங்கள் பயமில்லாமல் இருந்தால்தான் அவரிடம் நியாயமாக நடந்துகொள்ள முடியும்.

அடுத்து, நீங்கள் கேட்ட கேள்வி. அவரைக் கவுன்சலிங்குக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், முதல் சந்திப்பு அவருக்கு அல்ல, உங்களுக்கு என்பதே. நிறுவனங்களில் உள்ள கவுன்சலிங் வசதி கஷ்டத்தில் இருக்கும் ஊழியரை அனுப்பிவைக்கும் இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இத்தகைய சேவைகள் பெரும்பாலானவற்றில் மேலாளர்களுக்கென்றே தனி ஆலோசனையும் உண்டு. ஓர் ஊழியரைப் பற்றிய கவலையோடு வரும் மேலாளர், அந்த ஊழியரிடம் எதை, எப்படி, எப்போது பேசுவது என்பதை ஆலோசகரோடு சேர்ந்து திட்டமிடுவதற்கான நேரம் அது. தொலைபேசியிலும் செய்யலாம். இந்தச் சேவையில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும், என் கணிப்பில் வன்முறையைத் தடுப்பதில் மிக அதிகமாக உதவுவதும் இந்தப் பகுதிதான்.

அங்கே என்ன நடக்கும் என்பதை அருகிலிருந்து காட்டுகிறேன். என்னிடம் வரும் மேலாளர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்: "அவர் ரொம்ப ஆக்ரோஷமான ஆள், மனநிலை சரியில்லை என்று நினைக்கிறேன்." நான் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போட்டு அவர் பக்கம் நகர்த்துவேன். முதல் பத்தியில் உங்கள் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. இரண்டாவதில் மற்றவர்கள் வந்து சொன்னது. மூன்றாவதில் நீங்கள் ஊகித்தது. முதல் பத்து நிமிடம் எல்லாமே மூன்றாம் பத்தியில்தான் போய் விழும். ஆக்ரோஷம், மனநிலை, திமிர், பழிவாங்கும் குணம் எல்லாம் அங்கேதான். பிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன்: ஆக்ரோஷம் என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? அவர் யோசிப்பார். "செவ்வாய்க்கிழமை காலை 11 மணி இருக்கும். ஸ்கேனரை மேசையில் ஓங்கி வைத்தார். அதன் திரையில் கீறல் விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போய்விட்டார்." அது முதல் பத்தி. ஒரு மணி நேரத்தின் முடிவில் முதல் பத்தியில் ஐந்தாறு வரிகள் சேர்ந்திருக்கும். அந்த ஊழியரிடம் பேசுவதற்கும், மனிதவளப் பிரிவிடம் வைப்பதற்கும், பின்னாளில் ஒரு விசாரணை வந்தால் அதில் நிற்பதற்கும் கைகொடுப்பவை அந்த வரிகள் மட்டுமே. மூன்றாம் பத்தியைக் கிழித்துப் போடச் சொல்ல மாட்டேன். உங்கள் உள்ளுணர்வுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது என் அறையோடு நிற்கட்டும்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் 1940-களில் குடிப்பழக்கத்துக்கு ஆளான தொழிலாளர்களுக்கு உதவுவதற்காகத் தொடங்கிய திட்டங்களிலிருந்துதான், நிறுவனங்களில் கவுன்சலிங் வசதி தரும் இன்றைய ஊழியர் உதவித் திட்டங்கள் வளர்ந்தன. ஆரம்பத்தில் மேற்பார்வையாளர்களுக்குக் குடிநோயின் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அது சரிவரவில்லை, கண் சிவந்திருக்கிறது, கை நடுங்குகிறது என்று மேற்பார்வையாளர் அரைகுறை மருத்துவராக மாறினார், தொழிலாளி மறுத்தார், உறவு கெட்டது. பிறகுதான் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிட்டு, வேலையிலும் நடத்தையிலும் கண்ட மாற்றத்தை மட்டும் குறித்துவைத்துப் பேசுங்கள், மற்றதை அதற்குப் படித்தவர்களிடம் விடுங்கள் என்ற வழிக்கு வந்தார்கள். உங்களுக்கும் நான் அதையே சொல்கிறேன். அவருக்கு மனச்சோர்வா, குடியா, குடும்பப் பிரச்சினையா என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பில் இல்லை.

மனநோய்தான் வன்முறைக்குக் காரணம் என்ற எண்ணமும் உங்களுக்கு வேண்டாம். மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்குதலுக்கு ஆளாவோராகவே அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். "வன்முறையாளர் இப்படித்தான் இருப்பார்" என்று சொல்லும் உருவப்படம் எதுவும் இல்லை. ஆளைப் பார்க்காமல் நடத்தை எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தடயவியல் உளவியலாளர் ரீட் மெலாயும் அவரது சகாக்களும் 2012-இல் எட்டு வகை எச்சரிக்கை நடத்தைகளை வகுத்துச் சொன்னார்கள். அவற்றில் மூன்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது என் நினைவுக்கு வந்தன: ஒரே குறையிலோ ஒரே மனிதரிடமோ மனம் பூட்டிக்கொள்வது, நினைப்பதை மூன்றாம் நபரிடம் கசியவிடுவது, இனி வேறு வழியில்லை என்ற தொனியில் பேசுவது. பதவி உயர்வைப் பற்றியே அவர் திரும்பத் திரும்பப் பேசுவதும், "ஒருநாள் எல்லாருக்கும் புரியும்" என்றதும், "இழக்க ஒன்றும் இல்லை" என்றதும் இவற்றோடு பொருத்திப் பார்க்க வேண்டியவை. இவை இருந்தால் வன்முறை நிச்சயம் என்று பொருளில்லை. பொறுப்பானவர்கள் பலர் சேர்ந்து, பலவற்றையும் சேர்த்துப் பார்த்து, தாமதிக்காமல் எடைபோட வேண்டிய நிலை இது என்றுதான் பொருள்.

"இழக்க ஒன்றும் இல்லை" என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம். அப்படிச் சொல்கிறவர் பிறரைவிடத் தம்மையே மாய்த்துக்கொள்ள நினைப்பவராக இருக்கலாம். நான்கு மாதமாக ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், நம் பயத்தைப் போலவே அவருடைய துயரத்தையும் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது; கேட்பதுதான் பாதுகாப்பு. கேட்பதற்குத் தயக்கமாக இருந்தால் ஆலோசகரிடம் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். ஆம் என்று அவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மனிதவளப் பிரிவின் பதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்துமூலம் புகார் வந்தால்தான் என்பது, தீப்பிடித்த பின் மனு கொடுத்தால் தண்ணீர் தருகிறோம் என்பதைப் போன்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூன் 21 அன்று ஏற்றுக்கொண்ட 190-ஆவது உடன்படிக்கை, 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. வன்முறையும் துன்புறுத்தலும் என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, நடந்த செயலோடு அதற்கான மிரட்டலையும் அது சேர்க்கிறது; ஒருமுறை நடந்தாலும் போதும் என்கிறது. ஆபத்துகளை முன்கூட்டியே இனங்காண்பதும், ஊழியர்களின் பங்களிப்போடு அவற்றை மதிப்பிட்டுத் தடுப்பதும் நிறுவனங்களின் கடமையாக இருக்கும்படி சட்டம் செய்ய அது நாடுகளைக் கோருகிறது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, பழிவாங்கப்படாமல் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையையும் அது சொல்கிறது. உங்கள் நாடு அதில் இணைந்திருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இணையாத நாட்டிலும், புகார் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்ற வாதம் நிற்காது. அதே அமைப்பு வேறு இரு நிறுவனங்களோடு சேர்ந்து 2022 டிசம்பரில் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில், வேலையில் இருப்போரில் 22.8 சதவீதம் பேர் தம் பணிவாழ்வில் ஏதாவதொரு வகை வன்முறையையோ துன்புறுத்தலையோ சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். அப்படியிருக்க, உங்கள் பிரிவில் இருவர் காரணம் சொல்லாமல் ஷிப்ட் மாற்றம் கேட்பதை நான் ஒரு புகாராகவே எடுத்துக்கொள்வேன். அவர்கள் எழுதித் தரவில்லை, அவ்வளவுதான்.

அந்த இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள். "என்ன பார்த்தீர்கள்" என்று கேளுங்கள்; "அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், ஆனால் ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பேசியது உங்களோடு முடிந்துவிடாது, தேவையானவர்களிடம் கொண்டு போக வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு அழுத்தமாக நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மேலாளர் வேறொரு விஷயமாக என்னிடம் தொலைபேசியில் பேசும்போது, "இன்னொரு மெமோ வந்தால் கொடுக்கிறவர் கை இருக்காது" என்று தன் ஊழியர் ஒருவர் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். "அவர் பேச்சே அப்படித்தான், மனசு வெள்ளை" என்றார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். எத்தனை மெமோ கொடுத்திருக்கிறீர்கள், அடுத்தது எப்போது, கொடுக்கப்போவது யார் என்ற மூன்று கேள்விகள் என் வாயிலிருந்து வரவில்லை. மூன்று வாரம் கழித்து அடுத்த மெமோவை எடுத்துப் போன மேற்பார்வையாளரை அந்த ஊழியர் படிக்கட்டில் தள்ளிவிட்டார். மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மேற்பார்வையாளர் என்னிடம் கேட்டது, "அவர் அப்படிச் சொன்னது உங்களுக்கெல்லாம் முன்பே தெரியுமாமே?" என்பதுதான். அதன் பிறகு, "அவர் பேச்சே அப்படித்தான்" என்ற வாக்கியத்தை எங்கே கேட்டாலும் நான் பேனாவை எடுத்துவிடுவேன்.

அவரிடம் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். கார் நிறுத்துமிட விஷயம் இருப்பதால், பாதுகாப்பு, மனிதவளம், ஆலோசகர் ஆகியோர் சேர்ந்து பார்த்து, பேசலாம் என்று சொன்ன பிறகே பேசுங்கள். யார் பேசுவது என்பதையும் அவர்களே சொல்லட்டும், அது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். நீங்கள்தான் என்றால், கூட ஒருவர் இருக்க வேண்டும்; அவர் மதிக்கும் ஒருவராக இருந்தால் நல்லது. ஷிப்ட் முடியும் நேரத்தில் அவசரமாகக் கூப்பிடாதீர்கள். பிறர் கண்ணில் படாத, ஆனால் கூப்பிட்டால் ஆள் வரக்கூடிய அறை வேண்டும். கதவுக்குப் போகும் வழி உங்களுக்கும் இருக்க வேண்டும், அவருக்கும் இருக்க வேண்டும். அடைபட்ட உணர்வு எந்த மனிதரையும் மூர்க்கமாக்கும்.

பேச்சில் இரண்டு சரடுகள் இருக்கின்றன, அவற்றை முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. ஒன்று, நடத்தை: இங்கே இது நடக்கக் கூடாது என்பதில் பேரம் இல்லை. மற்றொன்று, உதவி: அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். கவுன்சலிங்கைத் தண்டனை போல நீட்டினால் அவர் அங்கே போய் வாய் திறக்க மாட்டார். ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: "ஒன்பது ஆண்டுகளாக உங்கள் வேலையைப் பார்த்து வருகிறேன். இந்த நான்கு மாதத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. இன்ன நாளில் பொருளை ஓங்கி வைத்தீர்கள். இன்ன நாளில், இழக்க ஒன்றும் இல்லை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு நாள் என் காருக்குப் பக்கத்தில் நின்றீர்கள், எனக்கு அது பயமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் பயப்படும்படி நடப்பதை இங்கே அனுமதிக்க முடியாது. அதே நேரம் நீங்கள் கஷ்டத்தில் இருக்கிறீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. என்ன நடக்கிறது, சொல்லுங்கள்." அதன் பிறகு பேசாமல் இருங்கள். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினாலும் இடையில் புகாதீர்கள். மேலாளர்கள் இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பாதிப் பேச்சைக் கெடுத்துவிடுகிறார்கள். எதிரே இருப்பவரின் குரல் ஏறினால் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். பேச்சை நிறுத்தும் உரிமை இருவருக்கும் உண்டு; "இன்று இதோடு நிறுத்துவோம், நாளை 10 மணிக்குத் தொடர்வோம்" என்று எழுந்து வருவது தோல்வியல்ல.

அதற்குப் பின் கவுன்சலிங்கைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே பேசுவது உங்களுக்கு வராது என்று முதலில் உறுதி கொடுங்கள், ஏனென்றால் அது உண்மை. முறைப்படி நீங்களே பரிந்துரைத்து அனுப்பினாலும், அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே, வந்தாரா, தொடர்ந்து வருகிறாரா என்ற அளவுக்கு ஆலோசகர் உங்களுக்குச் சொல்லலாம். உள்ளே பேசியதைச் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்கக் கூடாது. வாரந்தோறும் ஆலோசகரைக் கூப்பிட்டு "ஆபத்தில்லையே?" என்று கேட்கும் மேலாளரை எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தொடங்கினால் அந்த ஊழியருக்கு நம்பிப் பேச உலகத்தில் ஓர் இடம் குறைந்துவிடும். இரகசியத்துக்கு எல்லை உண்டு. ஒருவரைக் கொல்லப் போவதாக ஆலோசனையில் சொன்னவர் பின்னர் அப்படியே செய்துவிட்ட ஒரு வழக்கில், ஆபத்துக்கு இலக்கானவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையளிப்பவருக்கு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. இந்தக் கடமையின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் கடுமையான ஆபத்து தெரிந்தால் ஆலோசகர் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார் என்பதை ஊழியரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இவர் பணியிடத்தில் இருப்பது பாதுகாப்பானதா என்று மதிப்பிட வேண்டுமென்றால், அதைப் பயிற்சி பெற்ற வேறொருவர் தனியாகச் செய்ய வேண்டும். சிகிச்சை கொடுக்கும் ஆலோசகரையே நீதிபதியாகவும் உட்காரவைத்தால் இரண்டு வேலையும் கெடும். அவர் கவுன்சலிங்கை மறுத்தால், மறுத்ததற்காக அவரைத் தண்டிக்க முடியாது. நடத்தை மாறவில்லை என்றால் அதற்கான ஒழுங்கு நடவடிக்கை தன் வழியில் நடக்கும். கட்டாயப்படுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

அந்தப் பதவி உயர்வு ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை என்று யாராவது அவரிடம் உட்கார்ந்து சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஒன்பது ஆண்டு உழைத்தவருக்கு அறிவிப்புப் பலகையில் வேறொருவர் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நேர்ந்திருந்தால், அந்த அவமானம் மறுப்பைவிடப் பெரியது. முடிவு பாதகமாக இருந்தாலும், முடிவெடுத்த விதம் நியாயமானது என்று தெரிந்தால் மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். முடிவெடுத்தவரே அவரைச் சந்தித்து, எந்த அளவுகோலில் எங்கே குறைந்தது, அடுத்த முறைக்கு என்ன வேண்டும் என்று சொல்லட்டும். அவரிடம் ஒரு நியாயமான குறை இருந்தால் அதை விசாரிக்கட்டும். மிரட்டலைக் கண்டிப்பதும் குறையைக் கேட்பதும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல.

கூட்டத்தில் குரலை உயர்த்தியது உங்களை உறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காக உங்கள்மீது எனக்கு மரியாதை கூடியது. அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பலர் முன்னிலையில் நடந்தது என்பதால் பலர் முன்னிலையிலேயே கேட்பது முறை. "அன்று நான் பேசிய விதம் தவறு" என்ற ஒரு வாக்கியம் போதும். "ஆனால்" என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம் வேண்டாம். நேரத்தைப் பற்றி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பயத்தில் சமாதானம் செய்வதுபோல அது தோன்றிவிடக் கூடாது. அவர் தவறு செய்யவில்லை என்று இதற்குப் பொருளில்லை. உங்கள் பக்கத்துக் கணக்கை நீங்கள் நேர்செய்கிறீர்கள்.

வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்ற உங்கள் மேலதிகாரியின் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. சில சமயம் நீக்கம் தவிர்க்க முடியாததாகலாம், ஆனால் அதை ஆபத்தின் முடிவாக நினைப்பது தவறு. வாசலுக்கு வெளியே போனவரின் கோபம் வாசலிலேயே நின்றுவிடாது. அவரைக் கவனிக்கவும் அவரோடு பேசவும் இருந்த வழியைத்தான் நாம் இழப்போம். நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால், சேர வேண்டிய பணத்தைக் கணக்குத் தீர்த்து, பொருள்களை மரியாதையாக ஒப்படைத்து, கவுன்சலிங் சில வாரங்களாவது தொடர வழிசெய்து, பிறகும் அவர் பேசக்கூடிய ஒருவரின் தொடர்பைக் கொடுத்து அனுப்ப வேண்டும். காவலர்கள் புடைசூழ எல்லார் பார்க்க நடத்திக்கொண்டு போவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை.

வீட்டுப் பிரச்சினையைப் பற்றிக் காதில் விழுந்ததைக் காதோடு விட்டுவிடுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

ஒருவேளை ஏதாவது நடந்துவிட்டால், மறுநாளே எல்லாரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து நடந்ததைக் கட்டாயமாக விவரிக்கச் சொல்லும் கூட்டங்களை ஏற்பாடு செய்யாதீர்கள். அவை உதவுவதில்லை என்பதால் உலக சுகாதார அமைப்பு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பான இடம், தண்ணீர், வீட்டுக்குத் தகவல், துணைக்கு ஓர் ஆள், பேச விரும்பினால் கேட்க ஒருவர் என்ற உளவியல் முதலுதவியே முதலில் வேண்டியது.

கடைசியாக உங்கள் தூக்கம். பல வாரமாகச் சரியாகத் தூங்காத ஒருவர் 18 பேரைப் பற்றி எடுக்கும் முடிவுகள் பிசகத்தான் செய்யும். உலக சுகாதார அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்கள், மேலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று குறிப்பாகப் பரிந்துரைக்கின்றன. அந்தப் பயிற்சியை உங்கள் நிறுவனத்திடம் கேட்பது உங்கள் உரிமை, அதைக் கேட்பதால் நீங்கள் பலவீனர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் பயிற்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆலோசகரிடம் இரண்டு நேரம் கேளுங்கள்: ஒன்று அந்த ஊழியரைப் பற்றிப் பேச, மற்றொன்று உங்களைப் பற்றிப் பேச. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் திணித்தால் உங்களுக்கான பகுதியை நீங்களே விட்டுக்கொடுத்துவிடுவீர்கள். மேலாளர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்று ஆலோசகரை அழைக்கும்போது, அந்த மூன்று பத்தித் தாளைப் போட்டு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பதவி உயர்விலிருந்து தொடங்காதீர்கள். கார் நிறுத்துமிடத்தில் அவர் நின்ற இரண்டு நாள்களின் தேதியை முதலில் சொல்லுங்கள்.